கடைசிப் பந்தி

மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தைப் பல்லாண்டுகளாக நாம் மறையுரைகளில் விளக்கி வந்துள்ளோம். ஆயினும் ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் நின்றுவிடுவது நம் வழக்கம். தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் 12 வயது மகளை ஆண்டவர் கைபிடித்து எழுப்புகிறார்; சிறுமி எழுந்து நடக்கிறாள்; பெற்றோர் மலைத்துப் போகின்றனர். அத்துடன் நாமும் மறையுரையை முடித்து அமர்ந்துவிடுவோம். எஞ்சி நிற்கும் கடைசி வசனத்தில் ஆண்டவர் இரண்டு கட்டளைகள் இடுகிறார். நடந்ததை எவரும் அறியக்கூடாது என்பது ஒன்று. சிறுமிக்கு உண்ண ஏதேனும் கொடுக்கவேண்டும் என்பது மற்றொன்று. குருமடத்தில் நமக்கு விவிலியம் கற்பித்த பேராசிரியர் முதற்கட்டளையைப் பற்றி ஒரு வாரம் விளக்கினார். இரண்டாவதைப் பற்றி, உயிர்த்தெழுந்தவள் ஆவி அல்லள் என்பதற்கு அது சான்று என்று ஒரே வரியில் கூறிக் கடந்துவிட்டார். நாமும் அப்படியே குறித்துக்கொண்டோம்.

அந்த வசனத்தின் பக்கம் நம்மைத் திருப்பியவர் எந்த விவிலிய அறிஞரும் அல்லர். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கூலிவேலை செய்யும் கைம்பெண் ஒருவர். அவர் கூறியது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. தவக்காலத்தில் ஒருநாள் மாலை, கோவில் வேப்பமரத்தடியில் நின்று பேசியது. அவருடைய இசைவு பெற்று, அடையாளம் தெரியாதவாறு சிலவற்றை மாற்றியே இங்கு எழுதுகிறோம்.

எலவனாசூர்கோட்டையை அறிந்தவர்களுக்கு அந்தச் சாலையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இரவும் பகலும் உறங்குவதில்லை. சாலையின் இருபுறமும் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும். மேற்கே வெகுதொலைவில் கல்வராயன் மலை. மழை பொய்த்தாலும் கரும்பு வெட்டு முடிந்தாலும் கூலிக்காரர் வீட்டில் அடுப்பு மெதுவாகத்தான் எரியும். ஆண்கள் லாரி ஏறுவார்கள், பெங்களூருக்குப் போவார்கள், கேரளத்துக்குப் போவார்கள். இப்பெண்ணின் கணவரும் லாரியில் கிளீனராகச் சென்று ஓட்டுநரானவர். அவர் இறந்தபிறகுதான் இவருக்கு இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது. மகனை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். நோய் இன்னதென்று அண்ணனுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியாது.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில்தான். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதனைக் கண்டறிந்தனர். அடுத்த பத்தாண்டுகளில் இந்நோய் பற்றித் திருச்சபை மேடைகளில் பேசப்பட்டவற்றுள் பெரும்பகுதி, பிறருடைய பாவத்தைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. இளங்குருவாக நாமும் அப்படி ஒரு மறையுரை ஆற்றியதுண்டு. அதன் கைப்பிரதி இன்றும் நம்மிடம் இருக்கிறது; கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறோம். நம் நாட்டில் இந்நோய் கண்ட பெண்களுள் மிகப் பலருக்கு அது வந்தது திருமணத்தின் வழியாக, சொந்தக் கணவரிடமிருந்தே என்பதை அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

பின்னர் 2004 ஏப்ரல் 1-ஆம் நாள், அரசு எட்டு மையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அவற்றுள் ஒன்று. இன்று அம்மருந்துக்காகத் தாம்பரம் வரை போகவேண்டியதில்லை. மருந்தும் மாறிவிட்டது. நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. அதைத் தவறாமல் உட்கொள்பவர் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழலாம். இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்து அவ்வாறே நிலைத்துவிட்டால், உடலுறவால் பிறருக்கு நோய் தொற்றுவதும் இல்லை. நம் இளமையில் மரணத் தீர்ப்பாக இருந்த ஒன்று, நம் கண்முன்னே நாள்பட்ட நோயாகிவிட்டது. இதற்காக இறைவனுக்கு நாம் போதிய அளவு நன்றி சொல்லியிருக்கிறோமா என்பது ஐயமே.

ஆயின் இந்த நற்செய்தி முழுவதும் ‘தவறாமல்’ என்னும் ஒரு சொல்லைப் பற்றி நிற்கிறது. வேப்பமரத்தடியில் நம்மிடம் வந்தவர் அச்சொல்லில்தான் இடறியிருந்தார்.

“மாத்திரை சாப்பிடறதுல அப்பப்ப விட்டுப்போயிடுது சாமி” என்றார்.

“மறந்துவிடுகிறீர்களா அம்மா?”

“மறக்கல சாமி. சாப்பாடு இல்லாத அன்னைக்குப் போடறதில்ல. வெறும் வயித்துல போட்டா எரியுது, தலை சுத்துது. அதுகூடப் பரவாயில்ல. மாத்திரை போட ஆரம்பிச்சதுலேர்ந்து பசி தாங்க முடியல. முன்ன ஒருவேளை சாப்பிட்டா போதும்னு இருந்தேன். இப்ப வயிறு கேக்குது. கேட்டா எங்க போறது?”

சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் மாதந்தோறும் மிச்ச மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார்கள். மிச்சம் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதற்கு அஞ்சி, விட்டுப்போன மாத்திரைகளைக் கொல்லைப்புறத்தில் புதைத்துவிட்டு, ஒழுங்காகச் சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டார்.

“அவங்க நல்லவங்க சாமி. இலவசமா குடுக்கறாங்க. அவங்ககிட்ட பொய் சொன்னது பாவமா?”

நாம் இறையியல் பயின்றவர். பாவம் என்பதற்குத் தெளிந்த அறிவும் முழுமையான சம்மதமும் வேண்டும் என்பது நமக்கு மனப்பாடம். அச்சமும் பசியும் சம்மதத்தைக் குறைக்கும் என்பதும் தெரியும். எனவே தயங்காமல், “பாவமில்லையம்மா, அமைதியாகப் போய்வாருங்கள்” என்றோம். “சரிங்க சாமி” என்று கூறிப் போய்விட்டார்.

அன்றிரவு உணவு மேசையில் அமர்ந்தபோதுதான் நாம் கூறியது என்னவென்று நமக்கு உறைத்தது. ஆடையின்றி, அன்றாட உணவின்றி வந்து நிற்கும் சகோதரியிடம் ‘அமைதியாகப் போய்வா, வயிறார உண்’ என்று வாயளவில் வாழ்த்தி அனுப்பும் ஒருவரை யாக்கோபு தம் திருமுகத்தின் 2-ஆம் அதிகாரத்தில் சாடுகிறார். ஏறத்தாழ அவருடைய சொற்களையே நாம் பேசியிருந்தோம். நமக்கு வயிறார உண்ணச் சொல்லவும் தோன்றவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இவ்விடத்தில் கடினமான ஒரு வினா எழுகிறது. மருந்து கையில் இருந்தும் உட்கொள்ளாதவர் மீது குற்றம் உண்டா? உண்டு என்பவர்கள், மருந்து இலவசம், விளக்கம் இலவசம், விழுங்குவது ஒன்றே அவர் வேலை என்பார்கள். இக்கூற்றில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்கமாட்டோம். விட்டுவிட்டு உண்பதால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். புதைத்த மாத்திரையைப் பற்றி அறியாத மருத்துவர், மருந்தே பயனற்றுப் போனதாக எண்ணி வேறு மருந்துக்கு மாற்றிவிடக்கூடும். இல்லை என்பவர்கள், பசித்தவருக்கு விருப்பம் என்ற ஒன்று ஏது, அவர் சூழ்நிலையின் கைதி என்பார்கள். கேட்க இரக்கமாக இருக்கிறது. ஆனால் இப்பெண்ணோ இரண்டு பேருந்து மாறி, ஒருநாள் கூலியை இழந்து, மாதந்தவறாமல் மருந்து வாங்கிவருபவர். அண்ணி அறியாமல் அதைப் பாதுகாப்பவர். மகனைப் பள்ளிக்கு அனுப்புபவர். இவரிடம் விருப்பமே இல்லை என்று நாம் எப்படிச் சொல்வது? அவருடைய விருப்பத்தில் குறையில்லை. அது செயலாக மாறவேண்டிய இடத்தில் தட்டு காலியாக இருக்கிறது.

ஹெயிட்டி நாட்டில் ஒரு பழமொழி உண்டு. கையைக் கழுவிவிட்டு மண்ணில் துடைப்பதுபோல என்பார்கள். உணவில்லாமல் மருந்து மட்டும் கொடுப்பதற்கு அங்கு ஏழைகளிடையே பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் பால் ஃபார்மர் இதனை எடுத்துக்காட்டுவது வழக்கமாக இருந்தது. ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டில், லுசாக்கா நகர மருத்துவ நிலையங்களில் செய்து பார்த்து 2008-இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. உணவுப் பொருளும் சேர்த்து வழங்கப்பட்டவர்களுள் 70 விழுக்காட்டினர் மருந்தை ஏறக்குறைய முழுமையாகப் பெற்றுவந்தனர். உணவு வழங்கப்படாதவர்களுள் 48 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர். அறிவுரையால் வராத ஒழுங்கு மாவாலும் எண்ணெயாலும் வந்திருக்கிறது. நம் நாட்டிலும் காசநோய்க்கு இவ்வுண்மை ஏற்கப்பட்டுவிட்டது. சத்துணவுக்கென்று 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் அரசு வழங்குகிறது.

தமிழ்நாட்டில் பசியா என்று வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. 2011 ஜூன் முதல் இங்கு ரேஷன் அரிசிக்கு விலையில்லை. பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவு உண்டு. 2022 முதல் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்துவிட்டது. சாம்பியாவின் பசி வேறு, நம் பசி வேறு என்பது உண்மை. ஆனால் அரிசி வீட்டுக்குள் வந்தபிறகு அது யார் தட்டுக்கு எவ்வளவு, எந்த நேரத்தில் போகிறது என்பதை எந்த அரசாணையும் முடிவு செய்வதில்லை. அண்ணன் வீட்டில் அண்டியிருக்கும் தங்கை முதலில் தட்டெடுக்க முடியாது. ஆண்கள், பிள்ளைகள், அண்ணி, கடைசியில் அவர். சட்டியில் இருந்தால் உணவு. இல்லையேல் வடித்த கஞ்சி. “இந்த நேரத்துக்கு எனக்குச் சாப்பாடு வேணும்” என்று அவர் கேட்டால், ஏன் என்ற கேள்வி வரும். அக்கேள்விக்கு அவரிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. பள்ளி விடுமுறை நாள்களில் நிலைமை இன்னும் மோசம். மகனுக்கும் வீட்டிலேயே மூன்று வேளையும் வேண்டும். தம் பங்கை அவன் தட்டில் போட்டுவிட்டு, “எனக்குப் பசியில்லை” என்பார்.

அரசு வழிகாட்டாமல் இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள எச்.ஐ.வி. குடும்பங்களை முன்னுரிமையுடன் அந்தியோதயா திட்டத்தில் சேர்த்து மாதம் 35 கிலோ தானியம் வழங்கலாம் என்று 2009-இலேயே நடுவண் அரசு அறிவித்தது. நல்ல ஆணை. ஆனால் அதைப் பெற ஓர் அலுவலகத்தில் நோயின் பெயரைச் சொல்லவேண்டும். அட்டை மாறினால் கடைக்காரருக்குத் தெரியும். கடைக்காரர் அதே தெருவில் குடியிருப்பவர். மறுபுறம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், ஒருவருடைய நோய்நிலையை அவருடைய இசைவின்றி வெளியிடலாகாது என்கிறது. இதுவும் நல்ல சட்டம். இரண்டும் சேர்ந்து ஓர் ஏழைப் பெண்ணிடம் கேட்பது இதுதான்: உனக்கு இரகசியம் வேண்டுமா, சோறு வேண்டுமா?

யாயிரின் வீட்டில் ஆண்டவர் அப்படித் தேர்ந்துகொள்ளச் சொல்லவில்லை. எவரும் அறியவேண்டாம் என்பதும், உண்ணக் கொடுங்கள் என்பதும் ஒரே வசனத்தில் வருகின்றன. முப்பதாண்டுகளாக நாம் பார்க்கத் தவறியது இந்த இணைப்பைத்தான். மற்றொன்றும் உண்டு. உயிர் திரும்பியவளுக்குத்தான் பசிக்கும். மாத்திரை போட ஆரம்பித்தபின் வயிறு கேட்கிறது என்று இப்பெண் குறையாகச் சொன்னது, உண்மையில் உடல் உயிர்ப்பதன் அடையாளம். அதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டிய நாம், அதற்குப் பதில் சொல்ல ஏதுமின்றி நின்றோம்.

நம்மிடம் பதில் வந்தபோது அதுவும் தவறாகவே வந்தது. அடுத்த வாரமே உபதேசியாரிடம் ஒரு மூட்டை அரிசி கொடுத்து, அவர் வீட்டில் சேர்க்கச் சொன்னோம். பட்டப்பகலில், சைக்கிளில், தெரு முழுவதும் பார்க்கப் போனார் அந்த நல்ல மனிதர். சாமியார் ஏன் இவளுக்கு மட்டும் அரிசி அனுப்புகிறார் என்று தெரு கேட்டது. அண்ணி இன்னும் உரக்கக் கேட்டார். இரண்டு நாளில் மூட்டை கோவிலுக்கே திரும்பி வந்துவிட்டது. அப்பெண் மூன்று ஞாயிறுகள் திருப்பலிக்கு வரவில்லை. ஆண்டவருடைய இரண்டாம் கட்டளையை நிறைவேற்ற முதற்கட்டளையை மீறியதன் பலன் அது.

இதைவிட ஆழமாக நம்மை உறுத்தும் வேறொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். தாய் கடைசியில் உண்பதைப் புகழ்ந்து நாம் ஆற்றிய மறையுரைகளுக்குக் கணக்கில்லை. அன்னையர் விழாவில் அதைச் சொல்லாமல் நாம் மேடையிலிருந்து இறங்கியதில்லை. “எனக்குப் பசியில்லை” என்னும் அந்தப் பொய்யைத் தாய்மையின் திருமொழியாக்கியதில் திரைப்படத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, பீடத்துக்கும் அவ்வளவு உண்டு. தவக்காலம் வந்தால் இதே பெண்கள்தாம் மற்ற எவரையும்விடக் கடுமையாக நோன்பிருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் அரை வயிறு, அதற்குமேல் நாற்பது நாள் நோன்பு. அதை நாம் தடுத்ததில்லை. பக்தி என்று வியந்திருக்கிறோம்.

புனித தோமா அக்குவினாஸ் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார். தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் உயிர்வாழ்வதற்கே தேவையானதை எடுத்துப் பிறருக்குத் தருமம் செய்யலாமா என்று வினவி, பொதுநலன் கோரும் அரிய நிலையில் அன்றிக் கூடாது என்கிறார். அது தன் உயிரையும் தன் குடும்பத்தாரின் உயிரையும் பறிப்பதாகும் என்பது அவர் காட்டும் காரணம். நோன்பைப் பற்றிப் பேசும்போதும், உடல் தாங்காத அளவுக்கு உணவைக் குறைப்பதை அவர் புண்ணியமாக ஏற்பதில்லை. அவருடைய நூலை நாம் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்தோம்; அடுப்படியில் கடைசியாக உட்காரும் பெண்ணுக்கு அதில் ஒரு செய்தி இருப்பதாக அன்று நமக்குப் படவில்லை.

ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை ஆண்டவர் போற்றவில்லையா என்று கேட்பவர் உண்டு. அவள் தன் பிழைப்புக்கு இருந்த அனைத்தையும் போட்டாள் என்பது மாற்கு 12-ஆம் அதிகாரம். ஆனால் அதற்குச் சற்று முன்புதான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களை அவர் கடிந்துகொள்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் விவிலிய அறிஞர் சிலர், காணிக்கைப் பெட்டியருகே ஆண்டவர் கூறியது பாராட்டு மட்டுமன்று, புலம்பலும் ஆகும் என்கின்றனர். நமக்கும் இப்போது அவ்வாறே தோன்றுகிறது. அவளுடைய அன்பு பெரிது என்பதில் ஐயமில்லை. அவளிடம் கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட கோவிலைப் பற்றி ஆண்டவர் அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே பேசுகிறார். அங்கே கல்மேல் கல் இராது என்கிறார்.

நமக்கு அதிகத் தொலைவில் இல்லாத வடலூரில், 1867-இல் இராமலிங்க அடிகளார் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. அங்கு வரிசையில் அமர்கிறவரிடம் எதனால் பசி என்று எவரும் கேட்பதில்லை. பசியைப் ‘பிணி’ என்றே அழைத்த நம் முன்னோர், அந்தப் பிணிக்கு மட்டும் நோயறிச் சான்று கேட்கவில்லை. ஓர் அருள்தந்தை வள்ளலாரிடம் பாடம் கேட்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அரிசி மூட்டை திரும்பி வந்த அன்று வாசற்படியில் உட்கார்ந்திருந்த நமக்கு, வடலூர்தான் நினைவுக்கு வந்தது.

அதன்பின் கோடை விடுமுறையில், பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரும் கன்னியர் இருவரும் சேர்ந்து, கோவில் மண்டபத்தில் நண்பகலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர்களுடன் வரும் தாய்மாருக்கும் சோறும் சாம்பாரும் முட்டையும் என்று தொடங்கினார்கள். கிறிஸ்தவர், மற்றவர் என்ற வேறுபாடில்லை, பெயர்ப் பதிவேடில்லை. சமைக்க வந்த பெண்களுள் அவரும் ஒருவர். சமைப்பவர்கள் பிள்ளைகளோடு முதற்பந்தியிலேயே அமரவேண்டும் என்று கன்னியருள் மூத்தவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். நமக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. ஐந்து வாரம் நடந்தது. பிறகு அரிசியும் பணமும் தீர்ந்தன. பள்ளியும் திறந்துவிட்டது.

இடையில் அவரையும் அழைத்துக்கொண்டு ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரிடம் போய்வந்தோம். புதைத்த மாத்திரைகளைப் பற்றி அவரே வாய்திறந்து சொன்னார். ஆலோசகர் கோபப்படவில்லை. இப்போது அவர் உண்ணும் மாத்திரையை உணவோடும் உண்ணலாம், உணவின்றியும் உண்ணலாம், சாப்பாடு இல்லை என்பதற்காக ஒருநாளும் விடவேண்டாம் என்று விளக்கினார். பழைய மருந்துகளுள் சிலவற்றுக்கு வேறு விதிகள் இருந்தன. அவற்றைக் கேட்டறிந்தவர்கள் சொன்னதைத்தான் அவர் நம்பியிருந்தார். வயிற்றெரிச்சலுக்கு மருத்துவரைப் பார்க்கவும் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றிலும் மாத்திரையை விழுங்கலாம் என்று அறிந்ததில் நமக்கு ஆறுதல் பிறந்தது உண்மை. பேருந்தில் திரும்பும்போது அந்த ஆறுதல் நமக்கே கசந்தது. மாத்திரைக்கு உணவு வேண்டாம் என்பதால் அவருக்கும் வேண்டாம் என்றாகிவிடுமா?

இவ்வாண்டு திருநீற்றுப் புதனன்று நோன்பு விதிகளை வாசித்தோம். 18 வயது நிறைந்தோர், 60-ஆம் வயது தொடங்கும் வரை என்று திருச்சபைச் சட்டத்தில் உள்ளதை வாசித்துவிட்டு, தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னோம். நாள்தோறும் மருந்து உண்பவர் எவராயினும், என்ன நோயாயினும், நோன்பிருக்கக் கூடாது. இது அனுமதியன்று, கட்டளை என்றோம். வீட்டில் உள்ள ஆண்கள் இந்த நாற்பது நாளும் கடைசிப் பந்தியில் அமரவேண்டும், அதுவே அவர்களுடைய நோன்பு என்றும் சொன்னோம். ஆண்கள் பகுதியில் சிறு சலசலப்பு எழுந்தது. திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் சர்க்கரை நோயுள்ள பெரியவர் ஒருவர் நம்மைப் பிடித்துக்கொண்டு, “வெள்ளிக்கிழமை மட்டுமாவது இருக்கலாமா சாமி?” என்று வெகுநேரம் வாதாடினார். அப்பெண் மகனுடைய கையைப் பிடித்தபடி எங்களைக் கடந்து, எங்கள் பக்கம் திரும்பாமல், படியிறங்கிப் போனார்.